காய்கறியில் உள்ள நன்மைப் பொருளை அடையாளம் காண எந்த முறை?

ஒரு காய்கறியில் உடலுக்கு நன்மை செய்யும் பொருள் எது என்று கண்டுபிடிக்கப் புறப்படுகிறவர் முதலில் தேடுவது கருவியைத்தான். பொருட்களைத் திரவத்தில் பிரித்து நிறையை அளக்கும் எல்சி-எம்எஸ் கிடைக்குமா, ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் ஜிசி-எம்எஸ் போதுமா, காந்தப்புலத்தில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் தேவைப்படுமா என்ற விசாரிப்பிலேயே வாரங்கள் ஓடிவிடும். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேலை முடிந்த பின் எந்த வாக்கியத்தை உறுதியாக எழுத விரும்புகிறீர்கள்? "இதில் ஃபிளேவனாய்டு வகைப் பொருட்கள் உள்ளன" என்பது ஒரு வாக்கியம். "இதில் இருப்பது குவெர்செட்டின்-4′-குளுக்கோசைடு" என்பது, அதாவது குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டோடு குளுக்கோஸ் ஒட்டிய ஒரு குறிப்பிட்ட பொருளைப் பெயர் சொல்வது, இன்னொன்று. "100 கிராமில் இத்தனை மில்லிகிராம் இருக்கிறது" என்பது மூன்றாவது. "செல்லில் இந்த விளைவை உண்டாக்குவது இந்தப் பொருள்தான்" என்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். முதல் வாக்கியத்துக்கான சான்றை வைத்துக்கொண்டு நான்காவது வாக்கியத்தை எழுதிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையையும் அது எந்த வாக்கியம்வரை நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற கணக்கில் ஒப்பிடுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று தொடக்கங்கள் உண்டு. விளைவிலிருந்து தொடங்கலாம், தெரிந்த பொருளிலிருந்து தொடங்கலாம், அல்லது காய்கறியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிட்டு உள்ளே இறங்கலாம்.

விளைவிலிருந்து தொடங்குவதற்கு ப்ராக்கோலியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர், எலியின் கல்லீரல் புற்றுசெல்களில் குயினோன் ரிடக்டேஸ் என்ற நச்சுநீக்க நொதி கூடுகிறதா என்பதை அளவுகோலாக வைத்துக் காய்கறிச் சாறுகளைச் சோதித்தார்கள். ப்ராக்கோலிச் சாறு நன்றாக வேலை செய்தது. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மறுபடி செல்லில் சோதித்து, செயல் எந்தப் பகுதியில் தங்குகிறதோ அதை மேலும் பிரித்துக்கொண்டே போனார்கள். 1992இல் அந்தப் பாதை சல்ஃபோராஃபேன் என்ற ஒரே பொருளில் வந்து நின்றது. நான்காவது வாக்கியத்தை எழுத அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. 1997இல் அதே குழு, மூன்று நாள் முளைகளில் இதன் மூலப்பொருளான குளுக்கோராஃபனின் முதிர்ந்த ப்ராக்கோலியைவிட 10 முதல் 100 மடங்கு இருப்பதாகக் காட்டியது.

இந்த வழியின் விலை பொறுமை. பிரிக்கப் பிரிக்கச் செயல் மறைந்துபோவது உண்டு. பல பொருட்கள் சேர்ந்து வேலை செய்திருக்கலாம், நிலையற்ற பொருள் வழியிலேயே சிதைந்திருக்கலாம். கிலோக் கணக்கில் காய்கறி வேண்டும். செல் வளர்ப்பு வசதியும் நம்பகமான சோதனையும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

தெரிந்த பொருளிலிருந்து தொடங்குவது நேர்மாறானது. வெங்காயத்தில் குவெர்செட்டின், தக்காளியில் லைக்கோபீன், பசலையில் லூட்டீன் என்று முன்பே தெரிந்ததை எடுத்துக்கொண்டு எவ்வளவு இருக்கிறது, எந்த ரகத்தில் அதிகம், சமைத்தால் குறைகிறதா என்று பார்க்கிறோம். புதிதாக எதுவும் கிடைக்காது. ஆனால் கிடைக்கும் எண் உறுதியானது. மூன்றாவது தொடக்கமான முழு வீச்சுப் பார்வை, அதிகம் ஆராயப்படாத ஒரு கீரைக்கோ கிழங்குக்கோ பொருந்தும். அதில் ஆயிரக்கணக்கான சமிக்ஞைகள் வந்து விழும், பெயர் சொல்ல முடிவது சிலவற்றுக்குத்தான்.

நிறச் சோதனைகளும் மொத்த அளவுகளும்

ஃபெரிக் குளோரைடு விட்டால் கருநீலமோ பச்சையோ வந்தால் ஃபீனால். மக்னீசியமும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சிவந்தால் ஃபிளேவனாய்டு. குலுக்கினால் நுரை நின்றால் சாபோனின். இவை மலிவானவை, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். எந்த வகுப்பை மேற்கொண்டு தேடலாம் என்று திசை காட்ட இவை போதும், அதற்கு மேல் போகாது. புரதம் இருந்தாலும் நுரை வரும். ஆல்கலாய்டுக்கான மேயர் வினைப்பொருளோடு புரதமும் வீழ்படிவு தரும். ஆந்தோசயனின் என்ற நிறமி நிறைந்த சிவப்புக் காயின் அமிலச் சாறு மக்னீசியம் போடும் முன்பே சிவப்பாகத்தான் இருக்கும். "உண்டு", "இல்லை" என்று கூட்டல் கழித்தல் குறிகளால் நிரப்பிய அட்டவணை அடையாளம் காட்டியதாக ஆகாது.

அடுத்த படி மொத்த ஃபீனால், மொத்த ஃபிளேவனாய்டு அளவுகள். ஃபோலினும் சியோகால்டியூவும் 1927இல் இந்த வினைப்பொருளை உருவாக்கியது டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் அளப்பதற்காக. 1965இல் சிங்கிள்டனும் ரோஸியும் அதை ஒயினின் ஃபீனாலுக்கு மாற்றியமைத்தார்கள். எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய எதனோடும் அது நீலமாகும் என்பதுதான் சிக்கல். வைட்டமின் சி நிறைந்த குடைமிளகாயை அப்படியே இதில் அளந்தால் "ஃபீனால்" என்று வரும் எண்ணில் ஒரு பங்கு வைட்டமின் சியுடையது. அலுமினியம் குளோரைடு முறையும் எல்லா ஃபிளேவனாய்டுகளோடும் ஒரே அளவில் வினைபுரிவதில்லை.

டிபிபிஎச் என்ற வினைப்பொருளின் ஊதா நிறக் கரைசல் மஞ்சளாவதை 517 நானோமீட்டரில் அளந்து ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் என்று எழுதுவதும் பரவலான பழக்கம். சோதனைக் குழாயில் நடப்பதை உடலுக்கு நீட்டிப் பேசக் கூடாது என்பதற்கு வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. உணவுகளின் ஓராக் மதிப்புகளை, அதாவது சோதனைக் குழாயில் அளந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைத் தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2012இல் அந்தப் பட்டியலையே தன் தளத்திலிருந்து நீக்கியது. அந்த எண்கள் உடலில் நடக்கும் விளைவைக் காட்டுவதில்லை, விளம்பரங்களில் தவறாகப் பயன்படுகின்றன என்பதே காரணம். ஒரே காய்கறியின் பல ரகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த அளவுகள் பயன்படும். பெயர் சொல்லப் பயன்படாது.

டிஎல்சி தகட்டுக்கு ஒரு பரிந்துரை

பெரிய கருவிகள் வந்த பிறகு, சாற்றின் பொருட்களைத் தகட்டில் கரைப்பானோடு ஏறவிட்டுப் பிரிக்கும் டிஎல்சி எனும் மெல்லடுக்கு நிறப்பகுப்பை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. சிலிக்கா தகட்டில் பத்துப் பதினைந்து சாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஃபிளேவனாய்டுக்கான என்பி-பெக் வினைப்பொருள் தெளித்து 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் பார்த்தால் ஆரஞ்சும் மஞ்சள்பச்சையுமாகப் பட்டைகள் ஒளிரும். எந்தச் சாற்றில் எது மிகுதி, எது இல்லவே இல்லை என்பது ஒரே பார்வையில் விளங்கும். இன்னொரு தகட்டில் டிபிபிஎச் தெளித்தால் ஊதாப் பின்னணியில் மஞ்சள் புள்ளிகள் தோன்றும். செயல் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. மொத்தச் சாற்றில் டிபிபிஎச் செய்து ஒரு சதவீதம் எழுதுவதைவிட இந்தத் தகடு பல மடங்கு தகவல் தருகிறது, செலவும் கூடுதல் இல்லை. வசதி குறைந்த ஆய்வகம் முதல் பணத்தை இதில் போடலாம்.

எச்பிஎல்சி: பெரும்பாலோருக்குப் போதுமானது

எச்பிஎல்சி என்பது சாற்றை உயர் அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்திப் பொருட்களைப் பிரிக்கும் முறை. 18 கார்பன் சங்கிலி பூசிய சி18 பிரிப்புக் குழாய், நீரும் அசிட்டோநைட்ரைலும், கொஞ்சம் ஃபார்மிக் அமிலம், டயோடு அரே டிடெக்டர். காய்கறியின் ஃபீனால் பொருட்களில் பெரும்பகுதியை இந்த ஏற்பாடு பிரித்துக் காட்டிவிடும். டயோடு அரே இருப்பதால் ஒவ்வொரு பீக்குக்கும், அதாவது வெளிவரும் பொருள் வரைபடத்தில் காட்டும் முகட்டுக்கும், முழு நிறமாலை கிடைக்கும். ஃபிளேவனால்கள் 350-385 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், ஆந்தோசயனின்கள் 520 பக்கம், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை 325 பக்கம். வகுப்பு எது என்பது இந்த அளவிலேயே தெரிந்துவிடும்.

பெயர் சொல்ல ஸ்டாண்டர்டு வேண்டும். தூய பொருளை வாங்கி, அது வெளிவரும் நேரமும் நிறமாலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதோடு நிற்காமல், ஸ்டாண்டர்டைச் சாற்றிலேயே கலந்து மறுபடி செலுத்திப் பாருங்கள். பீக் பிளவுபடாமல் உயரம் மட்டும் கூடினால் நம்பிக்கை கூடும். தோள்பட்டை போல் ஒரு சின்னப் பீக் ஒட்டிக்கொண்டு நின்றால் அது வேறு பொருள். சில நிமிட வேலைதான் இது, பலர் செய்வதில்லை.

இங்கே ஒரு தேர்வு வரும். குவெர்செட்டின் காய்கறியில் பெரும்பாலும் சர்க்கரையோடு இணைந்த கிளைகோசைடாகத்தான் இருக்கிறது. அமிலத்தில் காய்ச்சிச் சர்க்கரையை உடைத்துவிட்டால் எல்லாம் ஒரே குவெர்செட்டின் பீக்காக வந்து சேரும். ஒரு ஸ்டாண்டர்டு போதும், அளவு எளிது. உடைக்காமல் அளந்தால் ஒவ்வொரு கிளைகோசைடுக்கும் தனி ஸ்டாண்டர்டு தேட வேண்டும், சில சந்தையில் கிடைக்காது. சிரமம் பார்த்து உடைக்கும் வழியை எடுப்பதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1995இல் ஹோல்மன் குழுவினர் நெதர்லாந்தில் பெருங்குடல் நீக்கப்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், வெங்காயத்தின் குவெர்செட்டின் குளுக்கோசைடுகள் சுமார் 52 சதவீதமும், தூய குவெர்செட்டின் 24 சதவீதமும், ருட்டின் 17 சதவீதமும் உறிஞ்சப்பட்டன. மூன்றிலும் மையக் கூறு குவெர்செட்டின்தான். ஒட்டியிருக்கும் சர்க்கரை மாறினால் உடலுக்குள் போகும் அளவு மூன்று மடங்கு மாறுகிறது. உடல்நலம் பற்றிப் பேச விரும்புகிறவர் சர்க்கரையை உடைத்துவிட்டால், பேச வேண்டிய விஷயத்தையே தூக்கி எறிந்தவராகிறார். ரகங்களின் மொத்த அளவை மட்டும் ஒப்பிடுகிறவருக்கு உடைப்பது சரியான முடிவு.

லூட்டீன், லைக்கோபீன் போன்ற கரோட்டினாய்டு நிறமிகளுக்கு சி18ஐவிட சி30 குழாய் மேல். லூட்டீனுக்கும் ஸியாசாந்தினுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. பீட்டா கரோட்டினுக்கும் லைக்கோபீனுக்கும் அப்படியே. நிறை அளக்கும் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த எண்ணை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. சி30 குழாயும் நிறமாலையும் அதை எளிதாகச் செய்துவிடும். லைக்கோபீன் 444, 472, 503 நானோமீட்டரை ஒட்டி மூன்று கூர்முனைகள் காட்டும், பீட்டா கரோட்டின் வடிவமே வேறு. விலை கூடிய கருவி எப்போதும் கூடுதல் விடை தருவதில்லை என்பதற்கு இந்த ஜோடிகளே சாட்சி.

ஜிசி-எம்எஸ் பற்றி வெளிப்படையாக

காய்கறியின் மெத்தனால் சாற்றை ஜிசி-எம்எஸ்ஸில் செலுத்தி, கருவியோடு வரும் நிறமாலை நூலகம் காட்டிய பெயர்களை அட்டவணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "புற்றுநோய் எதிர்ப்பு", "அழற்சி எதிர்ப்பு" என்று எழுதும் வழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆவியாகாத பொருளைப் பார்க்க ஜிசியால் முடியாது. ஃபிளேவனாய்டு கிளைகோசைடுகள், ஆந்தோசயனின்கள், குளுக்கோராஃபனின் போன்ற குளுக்கோசினோலேட்டுகள் எதுவும் அந்தக் குழாயிலிருந்து அப்படியே வெளியே வராது. சல்ஃபோராஃபேன்கூட ஊசி செலுத்தும் வாயின் வெப்பத்திலேயே ஓரளவு சிதைகிறது. வெளியே வருபவை கொழுப்பு அமிலங்களும், பச்சையத்திலிருந்து வரும் ஃபைட்டாலும், சர்க்கரை சிதைந்த துண்டுகளும். பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் கரைப்பானிலிருந்தும் வந்த தாலேட்டு என்ற நெகிழ்வூட்டிகளும் அதே பட்டியலில் "மருத்துவ குணமுள்ள தாவரப் பொருள்" என்று இடம்பிடித்துவிடுகின்றன. வெற்றுக் கரைப்பானை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நூலகம் எப்போதும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லும். உங்கள் பொருள் அதில் இல்லாவிட்டாலும், உள்ளவற்றில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதைக் காட்டும். ஆல்கேன் வரிசையை ஓட்டி, பொருள் வெளிவரும் நேரத்தை அந்த வரிசையோடு ஒப்பிட்டுச் சொல்லும் கோவாட்ஸ் தக்கவைப்புக் குறியீட்டையும் ஒப்பிட்டால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

இதே கருவி சரியான இடத்தில் ஈடற்றது. வெங்காயம், பூண்டு வகைகளின் மணம் தரும் கந்தகச் சேர்மங்கள், கடுகுக் குடும்பத்தின் ஆவியாகும் ஐசோதயோசயனேட்டுகள், டெர்பீன்கள் இவற்றுக்கு நேரடியாகவே பொருந்தும். தாவர ஸ்டெரால்களையும் கரிம அமிலங்களையும் சிலைல் ஏற்றம் செய்து எளிதில் ஆவியாகும்படி மாற்றிய பின் பார்க்கலாம். உங்கள் பொருள் ஆவியாகுமா என்பதே இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எல்சி-எம்எஸ்/எம்எஸ்

அதிகம் ஆராயப்படாத காய்கறிக்கு இதுதான் என் முதல் தேர்வு. மூலக்கூறின் நிறையையும் அது உடையும் விதத்தையும் ஒன்றாகத் தருகிறது. எதிர்மின் அயனிகளை அளக்கும் முறையில் 463 நிறையில் ஓர் அயனி வந்து, 162 இழந்து 301 ஆனால், ஹெக்ஸோஸ் என்ற வகைச் சர்க்கரை ஒட்டிய குவெர்செட்டினாக இருக்கக்கூடும். 609இலிருந்து 301 வந்தால் ருட்டின் நினைவுக்கு வரும். குளுக்கோசினோலேட்டுகள் 97இல் சல்ஃபேட் துண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கிராம் மாதிரி போதும். ஜிஎன்பிஎஸ், மாஸ்பேங்க் போன்ற திறந்த நூலகங்களில் கட்டணமின்றி ஒப்பிடலாம்.

எல்லைகளையும் அறிந்தே இறங்க வேண்டும். அந்த 162 குளுக்கோஸா கேலக்டோஸா என்று நிறை சொல்லாது. எந்தக் கார்பனில் ஒட்டியிருக்கிறது என்பதையும் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லாது. ஒரே பொருள் சோடியம் ஒட்டியும், மூலத்திலேயே உடைந்தும் நாலைந்து சமிக்ஞைகளாகத் தோன்றும், அவற்றை நாலைந்து பொருட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பீக் உயரமாக இருப்பதால் பொருள் அதிகம் என்றும் சொல்ல முடியாது. எளிதில் அயனியாகும் பொருள் குறைவாக இருந்தும் பெரிதாகத் தெரியும், கூடவே வெளிவரும் வேறு பொருட்கள் அதை அமுக்கவும் செய்யும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 2007இல் வளர்சிதைமாற்றவியல் தரநிர்ணய முயற்சி நான்கு நிலைகளை வகுத்தது. தூய ஸ்டாண்டர்டோடு, ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகளிலாவது ஒத்துப்போனால் நிலை 1. ஸ்டாண்டர்டு இல்லாமல் நூலகத்தோடு மட்டும் பொருந்தினால் நிலை 2. வகுப்பு மட்டும் தெரிந்தால் நிலை 3. தெரியாதது நிலை 4. ஆய்வறிக்கையில் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் இந்த எண்ணை எழுதிவிட்டால் வாசிப்பவருக்கு எதை எவ்வளவு நம்புவது என்று தெரியும். நிலை 2இல் நாற்பது பெயர்கள் வைத்திருப்பதைவிட, நிலை 1இல் ஐந்து பெயர்கள் வைத்திருப்பது மேல் என்பது என் முடிவு. அதனால் மாதிரிகளில் சிலவற்றை மட்டும் எல்சி-எம்எஸ்ஸில் பார்த்து, மிச்சப் பணத்தில் ஸ்டாண்டர்டு வாங்கச் சொல்வேன்.

என்எம்ஆர் எப்போது?

இதுவரை யாரும் விவரிக்காத பொருள் என்று தோன்றினால், அல்லது ஸ்டாண்டர்டே கிடைக்காத கிளைகோசைடு என்றால், வேறு வழியில்லை. சர்க்கரை எந்தக் கார்பனில் இணைகிறது என்பதை ஹைட்ரஜனுக்கும் சற்றுத் தள்ளியுள்ள கார்பனுக்கும் இடையிலான தொடர்பைக் காட்டும் எச்எம்பிசி என்ற என்எம்ஆர் வரைபடம் நேராகக் காட்டும். மில்லிகிராம் அளவில் தூய பொருள் வேண்டும் என்பதுதான் தடை. அதைச் சேர்க்கக் குழாய் குழாயாகப் பிரித்தெடுக்கும் உழைப்பு கருவியின் முன் உட்காரும் நேரத்தைவிடப் பல மடங்கு. தெரிந்த பொருளை உறுதிசெய்ய மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

சாறு எடுக்கும் விதம் முடிவையே மாற்றும்

கருவியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், விடை பெரும்பாலும் அதற்கு முன்பே, கத்தியும் கரைப்பானும் காய்கறியைத் தொடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. முழு ப்ராக்கோலியில் சல்ஃபோராஃபேன் கிட்டத்தட்ட இல்லை. குளுக்கோராஃபனின் ஒரு அறையில், மைரோசினேஸ் நொதி வேறு அறையில் இருக்கின்றன. நறுக்கும்போதும் மெல்லும்போதும் இரண்டும் சந்தித்துத்தான் சல்ஃபோராஃபேன் உண்டாகிறது. உறையவைத்த துண்டைச் சூடான 70 சதவீத மெத்தனாலில் உடனே போட்டால் நொதி செயலிழந்து மூலப்பொருள் அப்படியே கிடைக்கும். தண்ணீரில் அரைத்து வைத்திருந்தால் விளைபொருள் கிடைக்கும். 60 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சூடாக்கி அரைத்தால் சல்ஃபோராஃபேன் கூடும், ஏனென்றால் வினையை நைட்ரைல் என்ற வேறு விளைபொருளின் பக்கம் திருப்பும் புரதம் அந்த வெப்பத்தில் செயலிழந்துவிடுகிறது, மைரோசினேஸ் தப்பிவிடுகிறது. மூன்று விடையும் உண்மை. உங்கள் கேள்வி செடியைப் பற்றியதா, தட்டில் வரும் உணவைப் பற்றியதா என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்றவற்றுக்கும் இப்படியே. கரோட்டினாய்டுக்கு ஹெக்சேன், அசிட்டோன், மங்கிய ஒளி. ஆந்தோசயனினுக்கு அமிலம் கலந்த மெத்தனால். காற்றில் நறுக்கி வைத்தால் ஃபீனால் ஆக்சிடேஸ் நொதி ஃபீனால்களைப் பழுப்பாக்கிவிடும். ஒரே கரைப்பானில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பட்டப்படிப்பு ஆய்வுக்கு நேரமும் பணமும் குறைவு என்றால், ஒரு வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு டிஎல்சியில் வடிகட்டி, எச்பிஎல்சியில் மூன்று நான்கு ஸ்டாண்டர்டுகளோடு முடிக்கலாம். முதல் மூன்று வாக்கியங்களையும் எழுதிவிடலாம். ரகங்களையோ சமையல் முறைகளையோ ஒப்பிடுகிறவருக்கும் இதுவே போதும். புதிய காய்கறி என்றால் எல்சி-எம்எஸ்/எம்எஸ் முதலில், பிறகு முக்கியமான சிலவற்றுக்கு ஸ்டாண்டர்டு அல்லது என்எம்ஆர்.

"உடலுக்கு நன்மை" என்ற நான்காவது வாக்கியத்துக்கு இவற்றில் எதுவும் தனியாகப் போதாது. செல் சோதனைகூட ஒரு படிதான். பீட்டா கரோட்டின் மிகுந்த உணவு உண்பவர்களிடம் நுரையீரல் புற்று குறைவாக இருந்ததைப் பார்த்து, பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் வெளியான முடிவில் அதை எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அடையாளம் சரி, அளவும் சரி, முடிவு மட்டும் எதிர்ப்பக்கம் போனது. அதனால் வேதியியல் தரவு மட்டும் கையில் இருக்கும்போது "நன்மை செய்வதாகப் பிற ஆய்வுகளில் பேசப்படும் பொருள் இதில் உள்ளது" என்ற எல்லையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்களை வெளியிடும்போது உலர் எடைக்கா, புதிய எடைக்கா என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். 90 சதவீதம் நீர் உள்ள காயில் உலர் எடைக் கணக்கு பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். சாற்றுப் பொடியின் எடைக்குக் கணக்கிட்டால் இன்னும் பெரிதாகும். ஈரப்பதத்தையும் சாற்றின் விளைச்சலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், சாப்பிடும் 100 கிராமில் எவ்வளவு என்பதை வாசிப்பவர் தானே கணக்கிட்டுக்கொள்வார்.